இரண்டு நீல வடுக்கள்

கண்ணாடிக்கு அப்பால் வெளிச்சம் இருந்தது. அசையாத, வெள்ளை வெளிச்சம். இப்பால் நாங்கள் இருந்தோம்.

யார் யார், எங்கே எங்கே என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கதவருகில், சட்டென்று எழுந்து போக வசதியாக, விவசாயி மாதப்பன். மடியில் குடை. அவருக்கு எதிரே, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, திசு வளர்ப்புக் கூடத்தின் தலைவர் டாக்டர் ஜெயசீலன். அவருக்குப் பக்கத்தில், நாற்காலியின் நுனியில், குப்பிகளைப் பார்த்துக்கொள்ளும் பர்வீன். மேசையின் குறுக்கே, எல்லார் முகமும் தெரிகிற இடத்தில், நான்.

கடிதம் எழுதுகிறவளின் இடம் அது. எல்லார் முகமும் தெரியும். யார் மனமும் தெரியாது.

இன்னும் ஒருவரும் இருந்தார் என்று சொல்ல வேண்டும். கண்ணாடிக்கு அப்பால், அலமாரித் தட்டில், குப்பிகளுக்குள். செத்துப்போன ஒரு மரம்.

வெளியே மழை இல்லை. மழை வரும் போல ஒரு மூட்டம். தர்மபுரிப் பக்கத்து வானம் அப்படித்தான். வருவேன் என்று சொல்லும். நம்ப முடியாது.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். பேரீச்சைக் கன்றின் மட்டைகளை ஒவ்வொன்றாக உரிப்போம். உள்ளே, வெண்ணெய் நிறத்தில் ஒரு குருத்து இருக்கும். அதை நகத்துண்டு அளவுக்கு நறுக்கி, கரி கலந்த கூழில் ஊன்றி, குப்பியில் அடைத்துவிடுவோம்.

முதலில் இருட்டறை. பிறகு வெளிச்ச அறை. துண்டு கட்டியாகும். கட்டி துளிர்க்கும். துளிர் புல் போல நிமிரும். புல் ஒருநாள் மரமாகும் என்று நம்ப வேண்டும்.

அப்படி நம்புவதுதான் இந்த வேலையில் கஷ்டம்.

ஏனென்றால் குப்பிக்குள் எல்லாம் ஒரே பச்சை. எந்த மரத்தின் பிள்ளை என்று முகத்தில் எழுதியிருக்காது. காய்த்தால்தான் தெரியும். காய்க்க வருடங்கள் ஆகும். அதுவரை இருப்பது சீட்டு மட்டும். சீட்டில் இருக்கிற எண் மட்டும்.

மாதப்பனின் மரத்தை யாரும் நடவில்லை. கிணற்று மேட்டில் யாரோ துப்பிய கொட்டை. தானாக முளைத்தது. தானாக வளர்ந்தது. ஒரு ஆடி மாதம் தானாகக் காய்த்தது.

காய் என்றால் அப்படி ஒரு காய். பழுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். மஞ்சளாய் இருக்கும்போதே கடிக்கலாம். துவர்ப்பே இல்லை. கடித்தால் நறுக்கென்று உடையும். கரும்பு மாதிரி ஊறும்.

தர்மபுரிச் சந்தையில் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். மாதப்பன் காய். வேறெங்கும் அந்தக் காய் இல்லை. உலகத்தில் ஒரே ஒரு மரம்.

கொட்டையை நட்டால் அந்த மரம் வராது. வேறு ஏதோ வரும். ஆண் மரமாகக்கூட வரும். காயே இருக்காது. ஆனால் அடிமரத்தில், தாயின் உடம்போடு ஒட்டிக்கொண்டு, பக்கக் கன்று என்று ஒன்று விடும். அது பிள்ளை இல்லை. தாயேதான். அதே உடம்பு. அதே காய்.

அதனால்தான் மாதப்பன் எங்களிடம் வந்தார். கன்றை நட்டால் ஒரு மரம். கூடத்தில் கொடுத்தால் ஒரு காடு. தண்ணீர் ஏறாத மேட்டு நிலம் முழுக்கத் தன் பெயர் காய்க்க வேண்டும் என்று வந்தார்.

வந்தாரே தவிர, நம்பி வரவில்லை.

மாதப்பன் வாயால் பேசி ஒரு கிணற்றுப் பங்கை இழந்தவர். பங்காளி, பங்கு உண்டு என்று பிள்ளையார் கோயில் வாசலில் வைத்துச் சொன்னான். பிறகு சொல்லவே இல்லை என்றான். அன்றிலிருந்து அவர் எந்த வாயையும் நம்புவதில்லை. கையில் கொடுக்கிற காகிதத்தையும் நம்புவதில்லை.

"தபால்ல அனுப்பு கண்ணு. முத்திர உழுந்தாத்தான் அது காயிதம். இல்லேன்னா பொட்டலம் மடிக்கற பேப்பரு."

எதிரே உட்கார்ந்துகொண்டுதான் சொல்வார். மேசைமேல் இருக்கிற கடிதத்தைத் தொடக்கூட மாட்டார். நான் உறையில் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, அது அவர் ஊருக்குப் போய், தபால்காரர் நீட்டி, கையெழுத்துப் போட்டு வாங்கின பிறகுதான் படிப்பார். பதிலும் அதே வழியில் வரும்.

எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் பாலக்கோட்டில் படித்தவள். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசையாக எழுதினால்தான் எனக்கு உலகம் புரியும்.

கன்று எடுத்த நாளில் நானும் போயிருந்தேன். எண் எழுதி, சீட்டுக் கட்டுவதற்காக.

மாதப்பன் கடப்பாரையை ஓங்கினார். தொம். மரம் முழுக்க அதிர்ந்தது. உச்சியில் ஒரு மைனா எழுந்து, மறுபடி உட்கார்ந்தது. தொம். தொம். தாயோடு ஒட்டியிருந்த இடம், தொப்புள் மாதிரி, வெள்ளையாகப் பிளந்தது. முதல் கன்று வந்தது. ஒன்று என்று எழுதிக் கட்டினேன்.

தொம். தொம். இரண்டாவது வந்தது. இரண்டு என்று எழுதிக் கட்டினேன். அதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. அவசர அவசரமாக மறுபக்கம் போனோம். மூன்றாவதும் வந்தது. மூன்று என்று எழுதிக் கட்டினேன்.

தூறலிலேயே மாதப்பன் நீல மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் குழைத்தார். வெட்டுப்பட்ட இடங்களில் தன் கையாலேயே அப்பினார். காயம் திறந்து கிடந்தால், மரத்தை உள்ளே குடைந்து தின்கிற கூன்வண்டு மோப்பம் பிடித்து வரும்.

பூசியும் வந்தது.

எந்த வழியாக வந்தது என்று தெரியவில்லை. உச்சிக் குருத்து வாடிய பிறகுதான் தெரிந்தது. மாதப்பன் மரத்தில் காதை வைத்துக் கேட்டாராம். உள்ளே மெல்லுகிற சத்தம். யாரோ வெற்றிலை மெல்லுகிற மாதிரி. ஒரு காற்றில் மரம் முறிந்து விழுந்தது.

அப்புறம் மரம் என்றால் குப்பிகள்தான். குப்பிகள் மட்டும்தான்.

முதலாம் எண் குருத்து ஆரம்பத்திலேயே கறுத்துச் செத்தது. மூன்றாம் எண் ஓடியது. கட்டியானது, துளிர்த்தது, நிமிர்ந்தது. இரண்டாம் எண் அசையவே இல்லை. கூழை மாற்றினாலும் கறுப்பு. மாற்றாவிட்டாலும் கறுப்பு. செத்ததும் இல்லை, பிழைத்ததும் இல்லை.

பர்வீன் இரண்டுக்கும் பெயர் வைத்தாள். மூன்றாம் எண்ணுக்குத் துரை. இரண்டாம் எண்ணுக்குக் கருப்பன்.

"எத்தன மாசமாத் தாலாட்டறேன் மங்கைக்கா, இந்தக் கருப்பன. ஒரு முழி முழிக்கறானான்னு பாரு. துரை பாரு, கேக்காமயே வளருது."

மாதப்பன் மாதாமாதம் வருவார். அறைக்குள் அவரை விட முடியாது. கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்ப்பார். அவர் மூச்சு கண்ணாடியில் படியும். துடைப்பார். மறுபடி படியும்.

பக்கத்து அலமாரியில் வெளிநாட்டு ரகம் ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. அதையும் பார்ப்பார். இதையும் பார்ப்பார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கிணற்றுப் பங்கைத் தேடுகிற பார்வை.

மாதப்பன் டாக்டரை நம்பவில்லை. ரகத்தை மாற்றிவிடுவார் என்று நினைத்தார். டாக்டர் மாதப்பனை நம்பவில்லை. குப்பிகளை வாங்கி வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தார். பர்வீன் என்னை நம்பவில்லை. குப்பியில் பூஞ்சை பிடித்தால் நான்தான் மேலே எழுதுகிறேன் என்று நினைத்தாள்.

நான் மூன்று பேரையும் நம்பவில்லை. எல்லார் முகமும் தெரிகிற இடத்தில் உட்கார்ந்தால் அப்படித்தான் ஆகும்.

அந்த மூட்டமான சனிக்கிழமையில், மேசையைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்தபோது, பேசவேண்டிய விஷயம் கருப்பன்தான். தட்டுகள் சீக்கிரம் காலியாக வேண்டும். திங்கட்கிழமை புதிய குப்பிகள் வரப்போகின்றன. வளராததை எடுத்து, ஆவியில் அவித்துக் கொட்டிவிடலாமா?

மாதப்பன் கண்ணாடியைக் கையால் காட்டினார்.

"அந்தக் கருப்பு என்னுது இல்லீங்க. என் மரம் செத்தே போனாலும் சோம்பேறி இல்ல. அது எவன் மரமோ. என் பேர ஒட்டி வெச்சிகினு இருக்கீங்க."

"ஒட்டி எனக்கு என்ன லாபம் மாதப்பன்? உங்க பேர ஒட்டினா விலை குறையத்தான் செய்யும்" என்றார் டாக்டர்.

பர்வீன் சிரித்துவிட்டாள். உடனே வாயை மூடினாள். மாதப்பன் சிரிக்கவில்லை.

"அதோ நிமிந்து நிக்குது பாருங்க, அதான் என்னுது. அத மட்டும் வளத்துக் குடுங்க. கருப்ப அவிச்சு ஊத்துங்க. எழுதி அனுப்புங்க, கையெழுத்துப் போடறேன்."

டாக்டர் தலையாட்டினார். பர்வீன் தலையாட்டினாள். மாதப்பன் குடையை எடுத்தார்.

ஒருவரையொருவர் நம்பாத மூன்று பேர். ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். எனக்கு அதுதான் உறுத்தியது.

சம்மதக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். பொருள்: இரண்டாம் எண் குப்பிகளை அழிப்பது. அந்த வரியோடு பேனா நின்றது.

இரண்டு. இரண்டு என்று எழுதிக் கட்டிய கை என்னுடையது. அந்தக் கைக்கு ஏதோ ஞாபகம் இருந்தது. கைக்கா, காதுக்கா?

காதுக்குத்தான். தொம், தொம் என்று முதல் கன்று. தொம், தொம் என்று இரண்டாவது. மூன்றாவதற்கு?

மூன்றாவதற்குச் சத்தம் இல்லை.

தூறலை நினைத்துப் பார்த்தேன். மறுபக்கம் ஓடியதை நினைத்துப் பார்த்தேன். மாதப்பன் குனிந்து, மட்டைகளைச் சேர்த்துப் பிடித்து இழுத்தார். வந்துவிட்டது. பால்பல் மாதிரி, வழுக்கி வந்துவிட்டது. கடப்பாரை சேற்றில் சாய்ந்தபடியே கிடந்தது.

கிடந்ததா? அல்லது நான் இப்போது கிடத்துகிறேனா?

என்னையும் நான் நம்பவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

மாதப்பன் வீட்டில் இல்லை. ஓசூரில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார். அவர் மனைவி கோவிந்தம்மாள் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். மரத்தைப் பார்க்க வந்தேன் என்றேன். மேலும் கீழும் பார்த்தார்.

"செத்ததப் பாக்க ஞாயித்துக்கெழம பஸ்ஸு புடிச்சு வந்தியா? உள்ள என்னா பண்ணிட்டீங்க, சொல்லு."

அந்த வீட்டில் சந்தேகம் ஒருவருக்கு மட்டும் சொந்தம் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

கிணற்று மேடு. அடிமரம் மட்டும் நின்றது, இடுப்பு உயரத்துக்கு. வண்டு குடைந்த ஓட்டைகள். நார் நாராய் உதிர்கிற உடம்பு. மழை அடித்து, வெயில் அடித்து, யானைத் தோல் நிறம்.

அந்தச் சாம்பல் நிறத்தில் ஒரு நீலம்.

உள்ளங்கை அகலத்துக்கு, காய்ந்து, வெடித்து, இன்னும் நீலம். மாதப்பன் அப்பிய மருந்து. தாயிடமிருந்து கன்று பிரிந்த இடம். கொஞ்சம் தள்ளி இன்னொரு நீலம்.

மறுபக்கம் போனேன். சுற்றி வந்தேன். குனிந்து பார்த்தேன். கையால் தடவிப் பார்த்தேன்.

மூன்றாவது நீலம் இல்லை. மூன்றாவது வடுவும் இல்லை. அந்தப் பக்கத்துத் தோல் வெட்டுப்படாத தோல். அதன் அடியில், மண்ணில், ஒரு சின்னப் பள்ளம். அவ்வளவுதான்.

தாயோடு ஒட்டியே இல்லாத ஒன்றுக்கு எந்தக் காயத்தில் மருந்து பூசுவது?

கோவிந்தம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு பள்ளத்தைப் பார்த்தார். அதற்கு நேரே இருந்த துவைக்கிற கல்லைப் பார்த்தார். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

"அடக் கடவுளே. இந்தக் கல்லு மேல குந்திகினுதான் எல்லாரும் காய் தின்போம். கொட்டயெல்லாம் அங்கதான் துப்புவோம். எவ்ளோ தூரம் போவுதுன்னு பந்தயம் வேற. அவருதான் எப்பவும் ஜெயிப்பாரு."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்து, நடுவில் நிறுத்தினார்.

"அப்போ அந்தத் துரைன்னு சொல்றீங்களே…"

"உங்க வீட்டுக்காரர் துப்பின கொட்டைங்க."

மேட்டில் காற்று வந்தது. மைனா இல்லை. நிழல் இல்லை. நிழல் இருந்த இடத்தில் வெயில், யாரும் கேட்காமல் வந்து உட்கார்ந்திருந்தது.

நீங்களே அவரிடம் சொல்லுங்கள் என்றேன்.

"நானா? எங்கண்ணன் சொல்லிக் குடுத்துச் சொல்றேன்னு சொல்வாரு. நீ நேர்ல சொன்னா டாக்டரு சொல்லிக் குடுத்தாருன்னு சொல்வாரு. எழுதி அனுப்பு. டாக்டரு சொன்னாரு, புஸ்தகத்துல போட்டிருக்குதுன்னெல்லாம் எழுதாத. நீலத்த எழுது. அது அவரு கையால பூசினது. அவரு கையத்தான் அவரு நம்புவாரு."

பஸ்ஸில் வரும்போது புளியமரங்கள் பின்னால் ஓடின. ஒவ்வொன்றும் இன்னொன்று போல.

திங்கட்கிழமை காலை டாக்டரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கேட்டுக்கொண்டே கண்ணாடி அருகே போய் நின்றார். முதல்முறையாக எனக்கு முதுகும் கண்ணாடிக்கு முகமும் காட்டினார்.

"இருக்கலாம்மா. கொட்டக் கன்னு தாய ஒட்டியே மொளச்சா வெளியிலேர்ந்து பாத்தா தெரியாது. என் கைக்கு வந்தப்ப மட்டையெல்லாம் உரிச்சிருந்தாங்க. நான் குருத்ததான் பாத்தேன், கன்னப் பாக்கல."

"அப்போ கருப்பன வெச்சுக்கலாமா?"

"மரத்துக்காரரே என்னுது இல்லன்னு சொன்னத நான் எந்த உரிமைல வெச்சுக்கறது? அழிக்கறத நிறுத்தச் சொல்லி அவர் எழுதட்டும். அவர் பதில் வர்ற வரைக்கும் தட்டு அங்கயே இருக்கும், புதுக் குப்பிய வராந்தாவுல அடுக்கறேன். படிவத்த அனுப்பு. கூட நீ என்ன எழுதறியோ எழுது. நான் பாக்கல."

அவர் நல்லவரா, தன்னைக் காத்துக்கொள்கிறாரா? தெரியவில்லை. முதுகில் எதுவும் எழுதியிருக்காது.

உள்ளே பர்வீன் கருப்பனின் குப்பி ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தாள். கறுப்புக் கட்டியின் ஓரத்தில் ஒரு வெளுப்பு. கடுகை விடச் சின்னது.

"துளிராக்கா? இல்ல லைட்டா? எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. மறுபக்கம் இருந்து துரை பார்த்துக்கொண்டிருந்தது. பச்சையாக. நிமிர்ந்து. அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதுவும் ஒரு மரம்தான். காய்க்கலாம். காய்க்காமலும் போகலாம். அதுவாக யாரையும் ஏமாற்றவில்லை. நாங்கள்தான் அதற்கு வேறொரு மரத்தின் எண்ணைக் கட்டினோம்.

மழை வரும் போல இருந்தது. எழுத உட்கார்ந்தேன்.

அனுப்புநர் எழுதினேன். பெறுநர் எழுதினேன். பொருள் என்று எழுதி, நிறுத்தி, உங்கள் மரம் என்று எழுதினேன்.

ஐயா, இத்துடன் சம்மதப் படிவம் உள்ளது. கையெழுத்துப் போடும் முன் கிணற்று மேட்டுக்குப் போங்கள். டாக்டரை நம்ப வேண்டாம். பர்வீனை நம்ப வேண்டாம். என்னையும் நம்ப வேண்டாம். நீங்கள் பூசிய நீலத்தை எண்ணிப் பாருங்கள். நாம் கொண்டுவந்தது மூன்று கன்று. உங்கள் மரம் விட்டது எத்தனை என்று அதன் உடம்பில் இருக்கிறது.

கடப்பாரை படாமல் எந்தக் கன்று வந்தது என்று உங்கள் கைக்குத் தெரியும். அது மூன்றாவது என்றால், நீங்கள் உங்களுடையது இல்லை என்று சொன்ன அந்தக் கறுப்புதான் உங்கள் மரம். இப்போதைக்கு அது மட்டும்தான் உங்கள் மரம். கையெழுத்துப் போட்டால் அதையும் அவித்துவிடுவார்கள். வேண்டாம் என்றால், வேண்டாம் என்று எழுதி அனுப்புங்கள். முத்திரையோடு.

இப்படிக்கு என்று எழுதி, சு. மங்கை என்று போட்டேன். படித்துப் பார்த்தேன். அடித்தல் திருத்தல் இல்லை. மடித்தேன்.

தபால் நிலையம் இரண்டு தெரு தள்ளி. குடை எடுக்கவில்லை. கடிதத்தைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். முதல் துளி நெற்றியில் விழுந்தது. இந்த முறை வானம் சொன்னதைச் செய்தது.

கண்ணாடிக்கு அப்பால் வெளிச்சம் இருந்தது. ஒரே ஒரு குழல் விளக்கு, தபால் வாங்க ஒரே ஒரு மனிதர். இப்பால் நான் இருந்தேன்.

பசை தடவினேன். உறையின் வாயை மூடினேன். ஓரம் ஓரமாக, ஒரு காயத்தை மூடுகிற மாதிரி, விரலால் நீவினேன்.

அவர் உறையை வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பி, விலாசம் படித்தார். "மாதப்பனுக்கா? ஏம்மா, முந்தாநேத்துதானே இங்க வந்து உங்க லெட்டரு வந்துச்சா, வந்துச்சான்னு கேட்டுட்டுப் போனாரு!"

சிரித்துக்கொண்டே முத்திரையை மையில் ஒற்றினார். ஓங்கினார்.

தொம்.

மேசை அதிர்ந்தது. நான் கண்ணை மூடிக் கேட்டேன்.

தொம்.

உறை பைக்குள் விழுந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது.